எதிர்காலத்தைப் பற்றி நேர்காணல் எடுப்பது எப்படி?

ஒரு நிறுவனம் தன் எதிர்காலத்தை எப்படிப் பார்க்கிறது என்று ஆராயக் கிளம்பியபோது நான் முதலில் கேட்ட கேள்வி, "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?" 11 பேரிடம் கேட்டேன். 11 பேரும் ஆண்டறிக்கையை ஒப்பித்தார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

பதிலாக, நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக எந்த முடிவைத் தள்ளிப் போட்டீர்கள்? ஏன்?" இப்படிக் கேட்டபோதுதான் ஒரு மேலாளர், மூத்த பங்குதாரர் விலகட்டும் என்று புது இயந்திரம் வாங்காமல் இருப்பதாகச் சொன்னார். எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லாத எதிர்காலம் அது. ஆனால் அந்த இடமே அதை வைத்துத்தான் நடந்துகொண்டிருந்தது.

கேள்விகளை மூன்று தூரங்களுக்குத் தயார் செய்யுங்கள். சமூகவியலாளர்கள் இடோ டாவோரியும் நீனா எலியாசோஃபும் 2013இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல துணை: அடுத்த நொடி என்ன வரும் என்ற உடனடி எதிர்பார்ப்பு, வாழ்க்கையோ வேலையோ எந்தப் பாதையில் போகிறது என்ற எண்ணம், தேதி குறித்த திட்டம். ஒருவரிடமே இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று கேளுங்கள்.

பழைய கதையையும் கேட்டு வாங்குங்கள். நிர்வாகவியல் ஆய்வாளர்கள் சாரா காப்லனும் வாண்டா ஓர்லிகோவ்ஸ்கியும் 2013இல் காட்டியபடி, மேலாளர்கள் வருங்காலத்தைப் பற்றி முரண்படும்போது கடந்த காலத்தையும் நிகழ்காலத்தையும் சேர்த்தே மறுபடி பேசித் தீர்க்கிறார்கள்.

சரி, பதிவை எழுத்தில் இறக்கிய பிறகு? வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். 2012இல் நடந்த ரியோ+20 என்ற ஐ.நா. நீடித்த வளர்ச்சி மாநாட்டையொட்டி எழுந்த ஆவணங்களைச் சமூகவியலாளர் ஆன் மிஷே இப்படித்தான் வாசித்தார்: எது நடக்கும் என்கிறார்கள், எது நடந்தாக வேண்டும் என்கிறார்கள், எது நடக்கக்கூடும் என்கிறார்கள். தமிழில் இதைச் செய்யும்போது கூடுதல் கவனம் தேவை. "திங்கட்கிழமை கூடிப் பேசுவோம்" என்பது வரப்போகும் கூட்டமாகவும் இருக்கலாம், வாராவாரம் நடக்கும் வழக்கமாகவும் இருக்கலாம். வழக்கங்களையெல்லாம் திட்டம் என்று எண்ணிவிட்டு, 40 பக்கத்தை நான் திரும்பக் குறித்திருக்கிறேன். "செய்யலாம்" என்பது அழைப்பா, அனுமதியா, வெறும் சாத்தியமா என்பதும் குரலைக் கேட்டால்தான் தெரியும். வேலை முடியாதபோதே "இதோ முடிச்சுட்டேன்" என்று சொல்வதும் உண்டு. அது இறந்தகாலத்தில் சொல்லப்பட்ட எதிர்காலம், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "செய்யப்படும்" என்று வந்தால் பக்கத்தில் "யாரால்?" என்று எழுதுங்கள். என் ஏடுகளில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. ஒரு நிறுவனம் எந்தப் பொறுப்பை யாருக்கும் கொடுக்கவில்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

இன்னொன்று, மறுபடி வருவதற்கான சம்மதத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள். அந்த மேலாளரிடம் ஆறு மாதம் கழித்துப் போனேன். பங்குதாரர் விலகியிருந்தார். இயந்திரம் வரவில்லை. இப்போது எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் அன்றைய பேச்சைத் தொடங்கினேன்.