சீடி ஸ்கேன் ஒரு போட்டோ இல்ல, கணக்கு: அடிக்கடி நடக்கிற பிழைகள்

போன கிழமை வெள்ளவத்தையில இருக்கிற மாமி ஒராள் வட்ஸ்அப்ல படம் ஒண்டு அனுப்பியிருந்தா. மாமாட தலைக்கு எடுத்த சீடி பிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சு போன்ல எடுத்த படம், பின்னால கடலும் பக்கத்து பிளட்ஸ்ட பல்கனியும் தெரியுது, "தம்பி இதில ரத்தம் கட்டியிருக்கா பாத்துச் சொல்லு" எண்டு கேட்டிருந்தா. நான் ரேடியோகிராபர், அதாவது ஸ்கேன் எடுக்கிற ஆள், ரிப்போர்ட் எழுதுறது ரேடியோலஜிஸ்ட் டொக்டர்ட வேலை, ஆனா அவருக்கே அந்தப் படத்தைக் குடுத்தாலும் ஒண்டும் சொல்ல ஏலாது. ஏன் எண்டு மாமிக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டு அது நீண்டு போச்சு, அதைத்தான் இங்க எழுதுறன்.

கனபேர் சீடியை கொஞ்சம் பெரிய எக்ஸ்ரே எண்டுதான் நினைக்கிறாங்க. எக்ஸ்ரே ஒரு நிழல், முன்னுக்கு இருக்கிறதும் பின்னுக்கு இருக்கிறதும் ஒண்டுக்கு மேல ஒண்டா விழும். சீடியில எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுத்தி ஓடும், எதிர்ப்பக்கம் இருக்கிற டிடெக்டர் ஒவ்வொரு கோணத்திலயும் எவ்வளவு கதிர் வெளிய வந்தது எண்டு அளக்கும். உடம்புக்கு உள்ள இருக்கிறதை மெசின் நேரடியா பாக்கிறதே இல்ல. அதுட கையில இருக்கிறது, கதிர் போன வழி முழுக்க எவ்வளவு உறிஞ்சப்பட்டது எண்ட கூட்டுத்தொகைகள் மட்டும்தான்.

ஒரு கொப்பியில நாலு பெட்டி கீறுங்க, மேல ரெண்டு, கீழ ரெண்டு. உள்ள என்ன இலக்கம் இருக்கு எண்டு தெரியாது. மேல் வரிசையைக் கூட்டினா 8, கீழ் வரிசையும் 8, இடப்பக்கத்தை நெடுக்கா கூட்டினா 9, வலப்பக்கம் 7. இதை மட்டும் வச்சுப் பாத்தா விடை ஒண்டில்ல, பல விடை வரும். இப்ப சரிவா, மேல் இடது மூலையையும் கீழ் வலது மூலையையும் கூட்டினா 5 எண்டு சொன்னா உடனே பிடிபட்டிரும்: மேல 3, 5, கீழ 6, 2. குழாய் ஏன் சுத்துது எண்டதுக்கு விடை இதுதான், ரெண்டு பக்கத்தால பாத்தா காணாது, சரிவாயும் பாக்கணும். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன்ல, சீடியைக் கண்டுபிடிச்ச ஹவுன்ஸ்பீல்டுட மெசின்ல முதல் நோயாளிட தலையை எடுத்தப்ப படத்தில 80க்கு 80 பெட்டி இருந்தது, இப்ப சாதாரணமா 512க்கு 512, அதாவது ஒரு ஸ்லைஸுக்கு (உடம்பைக் குறுக்கா வெட்டிப் பாத்த மாதிரி வாற ஒரு படத்துக்கு) ரெண்டரை லட்சத்துக்கு மேல பெட்டி. இதுக்கான கணிதத்தை ராடோன் எண்ட கணித அறிஞர் 1917லயே எழுதி வச்சிட்டார், அதைப் போட்டு முடிக்க கொம்பியூட்டர் வர வேண்டியிருந்தது. ஹவுன்ஸ்பீல்டுக்கும், இந்தக் கணக்கைத் தனியாச் செய்து பாத்த கோர்மக்குக்கும் 1979ல நோபல் பரிசு கிடைச்சது.

இந்த நாலு பெட்டி மனசில இருந்தா மிச்சப் பிழை எல்லாம் தன்னால விளங்கும். குறுக்கா கூட்டினதுக்கும் நெடுக்கா கூட்டினதுக்கும் இடையில ஆரோ பெட்டிக்குள்ள இருந்த இலக்கத்தை மாத்திட்டா கணக்கு எப்பிடிச் சரிவரும்? நீங்க அசையிறது அதுதான். "போட்டோவுக்குக் கொஞ்சம் ஆடினா கொஞ்சம் மங்கும்" எண்டு நினைக்காதீங்க, சீடியில கோடும் இரட்டைச் சாயலும் வந்து, இல்லாத வருத்தம் இருக்கிற மாதிரியும் தெரியலாம். நெஞ்சு ஸ்கேனுக்கு மூச்சைப் பிடிக்கச் சொன்னா சில செக்கன்தான், இடையில முடியாமப் போனா எங்களுக்குச் சொல்லுங்க, ஒளிச்சு மூச்சு விட வேணாம்.

உலோகமும் அப்பிடித்தான். தோடு, ஹெயார்பின், சங்கிலி எல்லாம் கழட்டச் சொல்றது காந்தம் இழுக்கும் எண்டு இல்ல, அது எம்ஆர்ஐ கதை, சீடியில காந்தமே இல்ல. உலோகத்துக்குப் பின்னால கதிர் மிச்சம் வராது, அந்தக் கோணத்திட கூட்டுத்தொகை கிடைக்காது, படத்தில நட்சத்திரம் மாதிரி வெள்ளையும் கறுப்புமா கோடு பாயும். வயித்து ஸ்கேனுக்கு வாற பிள்ளைகளிட வெள்ளி அரைஞாண்கொடியை அம்மாமார் சொல்ல மறந்திருவாங்க, பெரிய ஆம்பிளைகள் வெக்கத்தில சொல்ல மாட்டாங்க. தாயத்தும் அப்பிடித்தான். தாலிக்கொடியைக் கழட்ட மனமில்லாட்டி வெளிப்படையாச் சொல்லுங்க அக்கா, தலைக்கோ வயித்துக்கோ எண்டா ஸ்கேன் பண்ற இடத்தில இருந்து அதை அரக்கி வைக்கலாம், அதை ஆரும் குறையா நினைக்கப் போறதில்ல.

இப்ப மாமிட படத்துக்கு வாறன். ஒவ்வொரு பெட்டிக்கும் கிடைக்கிற இலக்கத்துக்கு ஹவுன்ஸ்பீல்ட் அளவு எண்டு பேர். தண்ணி 0, காத்து மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 அளவில, மூளை 30, 40 கிட்ட, புதுசா கசிஞ்ச ரத்தம் 60 கிட்ட, இறுகின எலும்பு 1000ஐத் தாண்டும். கண்ணால இவ்வளவு சாம்பல் நிறத்தையும் பிரிக்க ஏலாது, அதால மூளையைப் பாக்கக்குள்ள 0ல இருந்து 80 வரைக்கும் உள்ளதை மட்டும் கறுப்பில இருந்து வெள்ளைக்கு விரிச்சுக் காட்டுறம், இதுக்கு விண்டோ எண்டு பேர். 80க்கு மேல எல்லாம் ஒரே வெள்ளை. அதே ஸ்கேனை எலும்பு விண்டோவில போட்டா மண்டையோட்டில இருக்கிற வெடிப்புத் தெரியும், மூளை ஒண்டும் தெரியாது. பிலிம்ல இருக்கிறது நூற்றுக்கணக்கான ஸ்லைஸ்ல இருந்து தெரிஞ்செடுத்த கொஞ்சம், அதுவும் ஒரு விண்டோவில உறைஞ்சது. அதை ஜன்னல் வெளிச்சத்தில போனால எடுத்தா, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில இருக்கிற அந்த 20, 30 வித்தியாசத்தை கமெரா தன்ட இஷ்டத்துக்கு மாத்திரும். ஸ்கேன் எடுத்த இடத்தில டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்க, ரிப்போர்ட்டையும் அதையும் கிளினிக் கொப்பியோட சேத்து வையுங்க.

இதோட ஒட்டினதா பெரிய பிழை ஒண்டு இருக்கு: "சீடி நோர்மல், அப்ப ஸ்ட்ரோக் இல்ல". ரத்தக் கசிவு எண்டா உடனே வெள்ளையாத் தெரியும், ஆனா ரத்தக்குழாய் அடைச்சு வாற ஸ்ட்ரோக்ல முதல் சில மணித்தியாலம் சாதாரண சீடியில ஒண்டுமே தெரியாமப் போகலாம், ஏனெண்டா இலக்கம் மாற நேரம் எடுக்கும். அந்த முதல் சீடி எடுக்கிறதே கசிவு இல்ல எண்டு உறுதிப்படுத்தத்தான். வாய் கோணி, கை விழுந்தா வீட்டில இருந்து பாத்துக்கொண்டிருக்காம உடனே 1990 அம்புலன்சுக்கு அடிங்க.

கொன்ட்ராஸ்ட் ஊசி பற்றி: அதில அயடின் இருக்கு, அயடின் எக்ஸ்ரேயை நல்லா உறிஞ்சும், அதால ரத்தக்குழாய் வெள்ளையா ஒளிரும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவங்களுக்கு இந்த ஊசி போட ஏலாது எண்ட கதை இன்னும் ஓடுது. இறாலுக்கு வாற அலர்ஜி அதுட புரதத்தால வாறது, அயடினால இல்ல. கட்டாயம் சொல்ல வேண்டியது முந்தி இதே ஊசிக்கு ஏதும் நடந்திருந்தா அது, ஆஸ்மா இருந்தா அது, கிட்னி வருத்தம் இருந்தா அது. சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிக்கிறவங்க நீங்களா நிப்பாட்ட வேணாம், கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்க, டொக்டர் முடிவெடுப்பார். ஊசி போகக்குள்ள உடம்பெல்லாம் சூடாகி, மூத்திரம் போன மாதிரி இருக்கும். போயிருக்காது, பயப்பட வேணாம்.

கதிர்வீச்சில ரெண்டு பக்கப் பிழையும் காணுறன். சிலபேர் கதிர் உடம்பில தங்கும் எண்டு பயந்து தேவையான ஸ்கேனையே தள்ளிப்போடுறாங்க, அது தங்காது, மெசின் நிண்டதும் முடிஞ்சிரும். இன்னும் சிலபேர் "ஒருக்கா முழு உடம்பையும் எடுத்துப் பாப்பம்" எண்டு தாங்களே கேக்கிறாங்க. தலை சீடி ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட் (உடம்புக்குப் படுற கதிரை அளக்கிற அலகு), வயிறு 8, 10 வரும், இயற்கையா ஒராளுக்கு வருசத்துக்கு உலக சராசரியா வாறது 2.4. வருத்தம் இருந்தா இது பெரிய விலை இல்ல, காரணம் இல்லாட்டி ஏன் குடுக்கணும்? எனக்கு மனசு நோகிறது வேற இடத்தில: கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியில பழைய ஸ்கேனை வச்சிட்டு வந்து, திரும்ப அதே ஸ்கேனை எடுக்கிற சின்னப் பிள்ளைகள்.

இப்ப ரேடியோகிராபி படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் ஒண்டு. நோயாளியை நடுவில வைக்காம அவசரத்தில டேபிள் உயரத்தை விட்டிட்டு ஸ்கவுட் (ஸ்கேனுக்கு முதல் இடம் பாக்க எடுக்கிற படம்) எடுக்கிறதை நான் கனதரம் கண்டிருக்கிறன். குழாய்க்குக் கிட்டப் போனா மெசினுக்கு ஆள் பெருசாத் தெரியும், அது தானா குழாயிட கரண்டைக் கூட்டும், டோஸ், அதாவது ஆளுக்குப் படுற கதிர், வீணா ஏறும். தூரப் போனா ஆள் சின்னனாத் தெரிஞ்சு கரண்ட் குறையும், படம் பொரிஞ்ச மாதிரி வரும், பிறகு திரும்ப எடுக்க வரும். டோஸைப் பாதியாக்கினா இரைச்சல், அதாவது அந்தப் பொரி, ரெண்டு மடங்காகாது, 1.4 மடங்குதான் ஆகும், அதால குறைக்க இடமிருக்கு, ஆனா அதை நீங்க யோசிச்சுக் குறைக்கணும், டேபிள் பிழையால குறையக்கூடாது. வயிறு எண்டா பக்கத்து லேசர் கோடு கமக்கட்டு நடுவால நேரா கீழ இறங்குற கோட்டில விழுதா எண்டு குனிஞ்சு பாருங்க, பாத்திட்டு பட்டனை அமத்துங்க.