டீசலில் நனோத் துணிக்கை கலந்தால் திருகோணமலைக் காற்று என்னவாகும்? எக்செலில் கணக்குப் போடும் முறை

"இந்த மருந்தை டீசலுக்குள் விட்டால் புகை குறையும், எண்ணெயும் மிச்சம்" என்ற பேச்சு லொறிக்காரர் நடுவே அடிக்கடி வரும். அப்படிப்பட்ட சேர்க்கைகளில் அதிகம் ஆராயப்பட்ட ஒன்று சீரியம் ஒட்சைட்டு நனோத் துணிக்கை, அதாவது சீரியம் என்ற உலோகத்தின் ஒட்சைட்டு மிகமிகச் சிறு தூளாக. பிரித்தானியாவில் பஸ்களுக்கே விட்டு ஓடியிருக்கிறார்கள். அது ஒட்சிசனை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பொருள். அதனால் கரி குறைந்த வெப்பத்திலேயே எரிந்துவிடும். புகை குறைவது உண்மைதான். ஆனால் குழாயால் வேறு என்ன வருகிறது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு எக்செல் தெரிந்தால் போதும்.

படி 1: வீதியில் நின்று எண்ணுங்கள்

அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்து எண்ணலாம். கொப்பியில் தனித்தனி நிரல் போடுங்கள்: இ.போ.ச. பஸ், தனியார் பஸ், லொறி, எண்ணெய் பவுசர், டீசல் வான், உழவு இயந்திரம். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் பெரும்பாலும் பெற்றோலில் ஓடுபவை, அவற்றை விடுங்கள். கால் மணி நேரம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு கிடைக்கும். விடிய, மத்தியானம், பின்னேரம் என்று பிரித்து எண்ணுவது முக்கியம். சீனக்குடாப் பக்கம் மா, சீமெந்து, எண்ணெய் ஏற்றும் வண்டிகள் எல்லா நேரமும் ஒரே அளவில் ஓடுவதில்லை.

இங்கே உதாரணத்துக்கு மணிக்கு 200 கனரக வாகனங்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணை நீங்கள் போடுங்கள்.

படி 2: குழாயால் வருவது எவ்வளவு

வடிகட்டி இல்லாத பழைய லொறி ஒன்று கிலோமீற்றருக்கு 0.5 கிராம் நுண்துணிக்கை (பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய தூசி) விடுகிறது என்று எடுப்போம். இதுவும் கணக்குக்கான எடுகோள்தான். 200 வாகனம் என்றால் மணிக்கு, கிலோமீற்றருக்கு 100 கிராம். 1000 மீற்றராலும் 3600 செக்கனாலும் வகுத்தால் வீதியின் ஒவ்வொரு மீற்றரும் செக்கனுக்கு 27.8 மைக்ரோகிராம் விடுகிறது.

சீரியத்துக்குக் கணக்கு வேறு, அது டீசலில் எவ்வளவு கலந்தோம் என்பதிலிருந்து வரும். கிலோ டீசலுக்கு 5 மில்லிகிராம் சீரியம் ஒட்சைட்டு என்போம். லொறி கிலோமீற்றருக்கு 0.3 லீட்டர் குடித்தால் அது ஏறத்தாழ 0.25 கிலோ, அதற்குள் 1.26 மில்லிகிராம். உள்ளே போனது முழுக்க வெளியே வருகிறது என்று மோசமான நிலையை வைத்தே கணக்கிடுங்கள். அப்படியானால் மீற்றருக்கு, செக்கனுக்கு 70 நனோகிராம்.

படி 3: காற்றைக் கொண்டு வாருங்கள்

நீளமான வீதிக்கு, காற்று குறுக்கே வீசும்போது, தரைமட்டச் செறிவுக்கான எளிய வாய்ப்பாடு இது:

செறிவு = 0.8 × வெளியேற்றம் ÷ (காற்றின் வேகம் × செங்குத்துப் பரவல்)

செங்குத்துப் பரவல் என்பது புகை மேலே எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. வீதியிலிருந்து 100 மீற்றர் தள்ளி, மூட்டமான பகலில், திறந்த வெளியில் அது 5.6 மீற்றர் அளவு. தெளிந்த, காற்றோட்டம் குறைந்த இரவில் 1.55 மீற்றர்தான்.

பகலில் காற்று செக்கனுக்கு 3 மீற்றர் என்றால் 27.8 × 0.8 ÷ (3 × 5.6) = கன மீற்றருக்கு 1.3 மைக்ரோகிராம். அதே வாகனங்கள் விடியமுன் ஓடி, காற்று 1.5 மீற்றராக இருந்தால் 9.6. வண்டி ஒன்றும் கூடவில்லை, ஏழு மடங்கு கூடிவிட்டது! உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணி நேர வழிகாட்டி அளவு 15, இலங்கையின் தரம் 50. இந்த ஒரு வீதியின் பங்கை மட்டும் அவற்றோடு வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். அடுப்புப் புகை, குப்பை எரிப்பு, கடலுப்பு எல்லாம் மேலே ஏறும்.

திசையைக் கவனியுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று வீதிப் புகையைக் கடல் பக்கம் தள்ளும். வாடைக் காலத்தில் அது உள்நாட்டுப் பக்கம் போகும். ஒரே பள்ளிக்கூடத்துக்கு அரை வருடம் புகை வரலாம், அரை வருடம் வராமலும் போகலாம். காற்று வீதியோடு சேர்ந்து ஓடினால் இந்த வாய்ப்பாடு உதவாது.

படி 4: கலந்த டீசல், கலக்காத டீசல்

இனி இந்தக் கணக்குப் போட்ட எக்செல் தாளைப் பிரதி எடுத்து ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நுண்துணிக்கை 20 சதவீதம் குறையும் என்று வைப்போம். விடியமுன் 9.6 என்பது 7.7 ஆகும். சீரியம் ஒட்சைட்டு பூச்சியத்திலிருந்து 24 நனோகிராம் ஆகும்.

நிறையை மட்டும் பார்த்தால் 1900 நனோகிராம் நுண்துணிக்கை போய் 24 நனோகிராம் சீரியம் ஒட்சைட்டு வருகிறது, பெரிய லாபம். இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் ஒரே நிரலில் கூட்டாதீர்கள். சீரியம் ஒட்சைட்டு எரிந்து தீராது, நீரில் இலேசில் கரையாது. நுரையீரலிலும் மண்ணிலும் தங்கும். அதைச் சுவாசிக்க வைத்த எலிகளின் நுரையீரலில் அழற்சி கண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை இன்னொரு நிரல். 200 நனோமீற்றர் துணிக்கை ஒன்றின் நிறையில் 20 நனோமீற்றர் துணிக்கைகள் ஆயிரம் அடங்கும். ஒட்டிக்கொள்ளக் கரி குறைந்தால் குழாய் ஆவிகள் தாங்களே சேர்ந்து சிறு துணிக்கைகளாகும். நிறை குறைய எண்ணிக்கை கூடலாம். நைதரசன் ஒட்சைட்டுகள் ஆய்வுக்கு ஆய்வு கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன. அந்த நிரலைக் கூட்டி ஒரு தடவை, குறைத்து ஒரு தடவை ஓட்டுங்கள்.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஆய்வாளர்கள் 2014இல் இதையே பெரிய அளவில் செய்தார்கள். எல்லா டீசல் வாகனமும் இதைப் பாவித்தால் என்ன ஆகும் என்று கிழக்கு அமெரிக்காவுக்குச் சீமெக் (CMAQ) என்ற காற்று மாசுக் கணினி மாதிரியுருவை ஓட்டினார்கள். பி.எம். 2.5 கொஞ்சம் குறைந்தது, கரி அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. காற்றிலுள்ள சீரியம் கன மீற்றருக்கு 22 நனோகிராம் வரை போகலாம் என்றும், நாட்டின் நுண்சீரிய வெளியேற்றம் 25 மடங்காகும் என்றும் கணித்தார்கள். நம்முடைய 24 வீதியோர எண், அதுவும் ஒட்சைட்டின் நிறை. சீரியமாக மட்டும் எடுத்தால் 19.5. அவர்களுடையது பரந்த கட்டங்களின் சராசரி. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

படி 5: அடுத்த கட்டம்

ஓசோன் இந்தத் தாளில் வராது, அதற்கு இரசாயனம் தெரிந்த சீமெக் வேண்டும். வீதி வளைவையும் மணிக்கு மணி மாறும் காற்றையும் சேர்க்க ஏர்மொட் (AERMOD) என்ற புகைப் பரவல் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. காற்றுத் தரவுக்கு ஈரா-5 (ERA5) என்ற உலக வானிலைத் தரவுத் தொகுப்பை எடுக்கலாம். அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீற்றர்; உட்துறைமுகம், நகரம், ஆழ்கடல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். கடற்காற்றும் தரைக்காற்றும் மாறும் நேரத்தை அது சரியாகப் பிடிக்காது. உள்ளூர் அளவீடு கிடைத்தால் அதையே நம்புங்கள்.

சரிபார்க்க விலை குறைந்த உணரி இரண்டு வாங்கி, காற்று வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று வையுங்கள். வித்தியாசம்தான் வீதியின் பங்கு. வாடைக் காலத்து ஈரத்தில் இந்த உணரிகள் கூட்டிக் காட்டும், ஆகவே கச்சான் மாதங்களில் தொடங்குங்கள். சீரியத்தை அவற்றால் காண முடியாது. அதற்கு வடிதாளில் தூசி பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். சேர்க்கை பாவிக்கத் தொடங்குமுன்னே ஒரு வடிதாள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும்.