பிள்ளை படிக்கும் ட்வைலைட்டைப் பெரியவர்கள் படிப்பது எப்படி

உங்கள் மகள் 'ட்வைலைட்' படிக்கிறாளா? நீங்களும் படியுங்கள். பெல்லா என்ற பள்ளி மாணவிக்கும் எட்வர்ட் என்ற ரத்தக்காட்டேரிக்கும் இடையிலான காதலைச் சொல்லும் நாவல் தொடர் இது. ஸ்டெஃபனி மேயர் எழுதியது, முதல் பாகம் 2005-இல் வெளிவந்தது. முதல் பாகத்தை முடிக்கும்வரை கருத்து எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆரம்பத்தில் பள்ளி கேன்டீனில் யார் யாரைப் பார்த்தார்கள் என்பதே பக்கம் பக்கமாக ஓடும். என் வயதுக்காரர்களுக்குத் தாண்டிப் போகத் தோன்றும், தாண்டாதீர்கள். பதினேழு வயதில் ஒரு பார்வைக்கு அவ்வளவு கனம் உண்டு. இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் பிரிந்து போனதும் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக வரும். வேறு ஒரு வரி கிடையாது. அந்த இடத்தில் எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

அப்புறம் பென்சில் எடுங்கள். பெல்லா தூங்கும்போது அவளுக்கே தெரியாமல் எட்வர்ட் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பன் ஜேக்கபைப் பார்க்கப் போகக் கூடாதென்று அவளுடைய வண்டியின் என்ஜினில் கை வைத்து அதை ஓடாமல் செய்வான். இந்த இடங்களில் ஓரமாகக் கோடு போடுங்கள். இதைக் காதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மகளிடம் தீர்ப்பு சொல்லாதீர்கள், கேளுங்கள்: "உன் ஸ்கூட்டியில ஒருத்தன் இப்படிச் செஞ்சா என்ன பண்ணுவ?" பாத்திரம் கழுவும்போதோ காய் நறுக்கும்போதோ கேட்டால் பதில் சீக்கிரம் வரும், எதிரில் உட்கார வைத்துக் கேட்டால் வராது.

அடுத்ததாக, ஐரிஷ் எழுத்தாளர் லெ ஃபானு 1872-இல் வெளியிட்ட 'கார்மில்லா'வைக் கையில் கொடுங்கள். சின்னக் கதைதான். அதிலும் ரத்தக்காட்டேரி ஓர் இளம்பெண்ணின் அறைக்கு வருகிறது, ஆனால் அங்கே பயம் பயமாகவே இருக்கிறது.