அமெரிக்காவில் ஈரநில ஆய்வு: உதவித்தொகையோடு எம்.எஸ். இடம் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஈரநிலம், காட்டுயிர் சார்ந்த எம்.எஸ். படிப்புக்கான பணம் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில்தான் இருக்கும். துப்பாக்கி, தோட்டா மீதான வரி 1937-ஆம் ஆண்டு பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி மாநிலக் காட்டுயிர்த் துறைகளுக்குப் போகிறது. ஈரநிலமாக மீட்ட வயல்களுக்கு வாத்துகள் வருகின்றனவா என்பதுபோன்ற கேள்விகளோடு அந்தத் துறைகள் பேராசிரியர்களை அணுகும். அதற்கு விடை தேடும் மாணவருக்கு உதவித்தொகையோடு கிடைக்கும் இடம்தான் அசிஸ்டென்ட்ஷிப். ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணத்தை முதலில் கட்டிவிடாதீர்கள். பேராசிரியர் சம்மதித்த பிறகு கட்டினால் போதும்.

1. விளம்பரம் தேடுதல். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் காட்டுயிர் வேலைவாய்ப்புப் பலகையை வாரம் இருமுறை பாருங்கள். என்னைக் கேட்டால் இது ஒன்றே போதும். 'தகுந்தவர் கிடைக்கும்வரை' என்று போட்டிருந்தால் கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

2. ஒரே பி.டி.எஃப். கடிதம், சி.வி., மதிப்பெண் பட்டியல், பரிந்துரைப்போர் மூவரின் தொடர்பு விவரம் எல்லாம் ஒரே கோப்பில். மதிப்பெண்ணை நீங்களே அமெரிக்க முறைப்படி 4-க்கு மாற்றிப் போடாதீர்கள். பல்கலைக்கழகம் தந்த அளவிலேயே எழுதி, அது 10-க்கா 100-க்கா என்று குறிப்பிடுங்கள்.

3. கடிதம். நல்ல மதிப்பெண் உள்ளவர்களும் கோட்டைவிடும் இடம் இதுதான். 'சிறுவயதிலிருந்தே பறவைகள் மேல் ஆசை' என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். பேராசிரியர் தேடுவது வேறு: இவரைத் தனியாகச் சதுப்பில் இறக்கிவிட்டால் தரவோடு திரும்புவாரா? அதற்குப் பதில் சொல்லும் பத்தி இப்படி இருக்கலாம்:

"இரண்டு ஏரிகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் இருமுறை, காலை 6 முதல் 9 மணிவரை, நிலையான 8 இடங்களிலிருந்து பறவைகளை எண்ணினேன். ஒவ்வோர் இடத்திலும் நீரின் ஆழத்தை அளவுகோல் நட்டு அளந்தேன். ஊசிவால் வாத்துகள் ஆழம் குறைந்த ஓரங்களிலேயே மேய்ந்தன. அதனால்தான் நீர்மட்டத்தைப் படிப்படியாக இறக்கும் உங்கள் ஆய்வில் சேர விரும்புகிறேன்."

முறை, அளவு, கண்டது, அவர் திட்டத்தோடு இணைப்பு. இந்த நான்கும் இருந்தால் ஒரு பக்கமே போதும். எழுத அனுபவம் இல்லையென்றால், ஜனவரி தோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேருங்கள். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை போன்ற ராம்சார் தலங்கள் (உலக முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள்) நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இந்த அனுபவம் அங்கேயும் செல்லும்.

4. மென்பொருள். தரவை அலசும் புள்ளியியல் மென்பொருளான 'ஆர்' (R) கட்டாயம் தெரிந்திருக்கட்டும். வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் (QGIS) பழகுங்கள். இலவசம் என்பதால் வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். கட்டண வரைபட மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ்ஸை (ArcGIS) அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்.

5. பணக் கணக்கு. நேர்காணல் முடிந்ததும் தயங்காமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஸ்டைபெண்ட் (மாத உதவித்தொகை) 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? வெளியிலிருந்து வருவோருக்கான கூடுதல் டியூஷனும் (வெளிமாநில டியூஷன்) சேர்த்துத் தள்ளுபடியா? கட்டாயக் கட்டணங்கள் யார் பொறுப்பு? மருத்துவக் காப்பீடு உண்டா? டியூஷன் முழுதும் தள்ளுபடியானாலும் கட்டாயக் கட்டணம் ஒவ்வொரு செமஸ்டரும் கையைக் கடிக்கும்.

பின்சேர்க்கை. பலர் கேட்ட இரண்டு சிக்கல்கள். மூன்றாண்டு பி.எஸ்சி.யைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. பேராசிரியர் ஆசைப்பட்டாலும் சேர்க்கை அலுவலகம் தடுக்கலாம் என்பதால், அந்த அலுவலகத்துக்கு முதலிலேயே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அடுத்தது ஓட்டுநர் உரிமம். களம் பல மைல் தள்ளி இருக்கும், பிக்கப் டிரக்கை நீங்களேதான் ஓட்டவேண்டும். பல விளம்பரங்களில் இது நிபந்தனை. இங்கேயே கார் ஓட்டிப் பழகி உரிமம் எடுத்துவிட்டு, அங்கே போனதும் அந்த மாநில உரிமம் எடுத்துக்கொள்வேன் என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.