ஆள் கூடினால் அளவு எப்படிக் கூடும்? வீட்டுச் சமையலில் தவிர்க்க வேண்டிய கணக்குப் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் எங்கள் பக்கத்து வீடுகளில் மரக்கறிச் சாப்பாடுதான். வெளிநாட்டு உறவுகளும் வந்து நிற்பார்கள். நாலு பேருக்குச் சமைத்த குசினியில் திடீரென்று பன்னிரண்டு பேருக்குச் சமைக்க வேண்டும். அரிசி மூன்று மடங்கு, தண்ணீர் மூன்று மடங்கு, வெங்காயம் மூன்று மடங்கு என்று எல்லாவற்றையும் பெருக்கிப் போடுவோம். சோறு குழைந்துபோகும். வெங்காயம் வதங்காமல் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடக்கும். பழி அரிசிக்கும் அடுப்புக்கும் போகும்.

பிள்ளைகளுக்கு நேர்விகிதசமன், அதாவது ஒன்று இரண்டு மடங்கானால் மற்றதும் இரண்டு மடங்காகும் கணக்கு, படிப்பிக்கிறவன் நான். அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: எது எதைப் பொறுத்துக் கூடுகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்குவதுதான் வீட்டுச் சமையலில் நடக்கும் மிகப் பெரிய பிழை. சில சாமான் நிறையைப் பொறுத்துக் கூடும், சில பாத்திரத்தின் அகலத்தைப் பொறுத்து, சில தடிப்பைப் பொறுத்து.

முதலில் சோறு. கஞ்சி வடித்துச் சமைக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ரைஸ் குக்கரில் வற்றவிடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். நாம் ஊற்றும் தண்ணீருக்கு இரண்டு வேலை. ஒரு பங்கை அரிசி குடிக்கிறது. அது அரிசியின் அளவோடு சரியாகக் கூடும். மற்றப் பங்கு ஆவியாகிப் போகிறது. அது பானையின் வாய், மூடி, கொதிக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. அரிசி கூடினாலும் பெரிதாகக் கூடாது. எங்கள் வீட்டுச் சிவப்பரிசியில் 2 சுண்டுக்கு (சுண்டு என்பது அரிசி அளக்கும் பேணி) 4 சுண்டு தண்ணீர் சரியாக வருகிறது. அதே குக்கரில் 4 சுண்டு அரிசிக்கு 7 சுண்டு போதும். அரிசி 2 சுண்டு கூடும்போது தண்ணீர் 3 சுண்டுதான் கூடியிருக்கிறது. அப்படியென்றால் ஒரு சுண்டு அரிசி குடிப்பது ஒன்றரைச் சுண்டு, ஆவியாய்ப் போவது ஒரு சுண்டு. ஆகவே 6 சுண்டு அரிசிக்கு 9 உம் 1 உம், 10 சுண்டு தண்ணீர். மூன்றால் பெருக்கினவர் 12 சுண்டு ஊற்றியிருப்பார். மேலதிகமான அந்த 2 சுண்டுதான் சோற்றைக் குழைக்கிறது.

சாதாரண தரத்துப் பிள்ளைகள் இதைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள். y = mx + c. x அரிசி, y தண்ணீர். ஒன்றரை என்பது m, கோட்டின் சரிவைக் காட்டும் படித்திறன். ஒன்று என்பது c, கோடு y அச்சை வெட்டும் வெட்டுத்துண்டு. கோடு (0, 0) என்ற உற்பத்திப் புள்ளிக்கூடாகப் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டு அரிசிக்கும் குக்கருக்கும் எண்கள் வேறாக இருக்கும். நன்றாக வந்த இரண்டு சமையலின் அளவை எழுதி வையுங்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும். குக்கரை மாற்றினால் c மாறும், அரிசியை மாற்றினால் m மாறும். பழைய அரிசி புது அரிசியைவிடக் கூடத் தண்ணீர் குடிப்பதும் m இல்தான் தெரியும்.

அடுத்தது பரப்பு. தாச்சியில் வெங்காயம் சிவப்பது தாச்சியின் சூட்டில் படுகிற பரப்பால். மூன்று மடங்கு வெங்காயத்தை அதே தாச்சியில் போட்டால் கீழே கிடப்பது மட்டும் சுடும். மேலே கிடப்பது ஆவியில் அவியும். விடுகிற தண்ணீர் வற்றிப்போக இடமில்லாமல் அடியில் தேங்கும், தண்ணீர் இருக்கும்வரை வெங்காயம் சிவக்காது. இரண்டு மூன்று தரமாகப் பிரித்து வதக்குங்கள். நேரம் கூடத்தான் போகும், ஆனால் வாசம் வரும். தாளிக்கும் எண்ணெயும் இப்படித்தான். அடி மூடுகிற அளவுதான் கணக்கு, ஆள் கணக்கு இல்லை.

பரப்பில் ஆகக் கூடுதலாகப் பிழை வருவது கேக்கில். 8 அங்குல வட்டத் தட்டுக்கு 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் மா, 4 முட்டை என்று வைத்துக்கொள்வோம். 10 அங்குலத் தட்டுக்கு எவ்வளவு? 8 இலிருந்து 10 என்பது காற்பங்கு கூட, ஆகவே எல்லாவற்றையும் காற்பங்கு கூட்டினால் சரி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 64 க்கு 100. ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூட. ஆகவே பட்டர், சீனி, மா ஒவ்வொன்றும் ஏறக்குறைய 390 கிராம், முட்டை 6. காற்பங்கு மட்டும் கூட்டினால் கேக் தட்டையாக வந்து ஓரம் காய்ந்துவிடும். 8 அங்குல வட்டத் தட்டின் அளவை 8 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றினாலும் அதே கதை. சதுரத்தின் பரப்பு 64, வட்டத்தினது 50 தான்.

அடுத்தது புட்டு. புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி கூம்பு என்பதை நினைவில் வைத்திருங்கள். பாதி உயரத்துக்குப் போட்டால் பாதிப் புட்டு வரும் என்று நினைக்க வேண்டாம். கூர் கீழே இருப்பதால், பாதி உயரத்தில் கொள்வது மொத்தத்தின் எட்டில் ஒரு பங்குதான். பாதிப் புட்டு வேண்டுமென்றால் உயரத்தில் ஐந்தில் நாலு பங்குக்குப் போட வேண்டும். இரண்டு பேருக்கு அவிக்கும்போது பெட்டி ஏன் இவ்வளவு நிரம்பித் தெரிகிறது என்று பயப்பட வேண்டாம். அழுத்தி நிரப்பாதீர்கள். சுண்டின் விளிம்பால் பொடிப்பொடியாகக் கொத்திய மாவைச் சும்மா சொரிந்துவிட்டாலே போதும். பொடிகளுக்கு இடையில் இருக்கிற இடைவெளிக்குள்ளால்தான் ஆவி மேலே வருகிறது. அமர்த்தினால் அந்த வழி அடைபட்டு, ஓரம் அவிந்து நடு மாவாகவே கிடக்கும்.

தடிப்பும் நேரமும் வேறு கணக்கு. உருளைக்கிழங்குத் துண்டின் தடிப்பை இரண்டு மடங்காக்கினால், சூடு நடுவுக்குப் போய்ச்சேர ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் வேண்டும். துண்டுகளைச் சமமாக வெட்டுங்கள் என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான். கிழங்கின் தொகை கூடியதற்காக அவியும் நேரம் கூடாது. கொதி வருவதற்கு மட்டும் நேரம் கூட எடுக்கும்.

பெரிய பானைச் சொதியில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரோடு சேர்த்து வைத்திருப்பது அதன் புரதம். கடுமையாகக் கொதித்தால் அது குலைந்து பால் திரியும். புளியும் அதே வேலையைச் செய்யும். அதனால்தான் முதற்பாலைக் கடைசியில் விடுகிறோம், நுரைத்துக் கொதி எழும்பும்போதே இறக்கிவிட்டுத் தேசிக்காய்ப் புளி விடுகிறோம். சின்னச் சட்டி இறக்கியவுடன் ஆறத் தொடங்கும். பெரிய பானை அப்படி இல்லை, இறக்கிய பிறகும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு பேருக்கான சொதியைக் கொஞ்சம் முந்தியே இறக்குங்கள், தேசிக்காயைக் கொஞ்சம் பிந்தி விடுங்கள்.

வேறு ஊரின் சமையல் குறிப்பில் உள்ள நேரத்தை அப்படியே எடுப்பதும் பிழை. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கின்றன, தண்ணீர் வன்மையானது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படலமே சாட்சி. அந்தக் கல்சியம் கடலை, கௌபியின் தோலை இறுக்கிப் பிடிப்பதால் அவை இலேசில் அவியாது. தண்ணீரை முதல் நாள் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து ஊறப்போட்டு அவியுங்கள். தக்காளி, பழப்புளி எல்லாம் அவிந்த பிறகுதான்.

கடைசியாக, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். ஒடியல் மாவை ஊறவைத்துத் தண்ணீரை வடித்துக் கைப்பு நீக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அவசரத்தில் பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு ஒரே தரம் வடித்துவிடுவதுதான் பிழை. கணக்கைப் பாருங்கள். ஊறவைத்த மா அடைந்து மேல் தண்ணீரை வடித்த பிறகும் ஒவ்வொரு தரமும் ஒரு கோப்பைத் தண்ணீர் அதோடு தங்கிவிடுகிறது, மிஞ்சிய கைப்பு அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 9 கோப்பைத் தண்ணீரை ஒரே தரம் விட்டு வடித்தால் பத்தில் ஒரு பங்கு கைப்பு மிஞ்சும். அதே 9 கோப்பையை மூன்று மூன்றாகப் பிரித்து மூன்று தரம் விட்டு வடித்தால் ஒவ்வொரு தரமும் நாலில் ஒன்றுதான் மிஞ்சும். நாலில் ஒன்றின் நாலில் ஒன்றின் நாலில் ஒன்று: 64 இல் ஒரு பங்கு. தண்ணீர்ச் செலவு ஒன்றுதான். ஒவ்வொரு தரமும் மா முழுதாக அடையும் வரை பொறுத்திருந்து, மேல் தண்ணீரைக் கலங்காமல் சரித்து ஊற்றுங்கள். கலங்க ஊற்றினால் கைப்போடு மாவும் போய்விடும், கூழ் தடிக்காது.