மாலை நாலு மணிக்கு வீடு பார்க்காதீர்கள்: கடலோர நகரத்துக்குக் குடிபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

கடலோர நகரத்தில் வீடு காட்டுகிற புரோக்கர்கள் பெரும்பாலும், "சாயங்காலம் நாலு மணி வாக்குல வாங்க, நிதானமா பார்க்கலாம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாலு மணிக்குக் கடற்காற்று நல்ல உச்சத்தில் இருக்கும். பால்கனிக் கதவைத் திறந்ததும் திரைச்சீலை உப்பிக்கொண்டு அறைக்குள் வரும். வெயிலும் தணிந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்திலேயே பாதிப் பேர் மனசுக்குள் சாமான்களை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படி விழுந்தவன்தான்.

குடிவந்த மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நாற்றம் என்னை எழுப்பியது. ஊர்ப்பக்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு குப்பைமேடு. வீடு பார்க்க வந்த மூன்று தடவையும் அது இருப்பதே தெரியவில்லை, ஏனென்றால் மூன்று தடவையும் வந்தது பகலில். பகலில் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது, அதனால் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வருகிறது. இரவில் தரைதான் முதலில் ஆறும். காற்று திசைமாறி ஊரிலிருந்து கடலுக்குப் போகும். இந்தத் தரைக்காற்றுக்கு வேகம் குறைவு. ஆனால் குப்பைமேட்டுப் புகை, கழிவுநீர்க் கால்வாய், தொழிற்சாலை என்று வழியில் இருக்கும் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வரும்.

கடலோரப் புறநகர் நேரத்துக்கு ஒரு ஊராகவும் மாதத்துக்கு ஒரு ஊராகவும் மாறிக்கொண்டிருக்கும். அதில் ஒரே ஒரு ஊரை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

காற்று விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. "கடலிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான், காற்று நல்லா வரும்" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். கடற்காற்று கரையில் முற்பகலிலேயே எழுந்துவிடும். உள்ளே வர வர நேரம் பிடிக்கும். எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாட்களில் பிற்பகல் வரை உள்ளே நுழையவே நுழையாது. நடுவில் அடுக்குமாடிகள் வரிசையாகச் சுவர் மாதிரி நின்றால் சொல்லவே வேண்டாம். கடற்கரை வெயில் வேறு, ஆறு கிலோமீட்டர் உள்ளே அடிக்கும் வெயில் வேறு.

தூரத்தைப் பார்த்து உயரத்தை மறப்பது

கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து, தள்ளியிருந்தால் பத்திரம் என்று பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது. அதற்குப் பள்ளம் மேடுதான் தெரியும்.

பல மணற்பாங்கான கரைகளில் கடலை ஒட்டி மணல்மேடு ஒன்று கரைக்கு இணையாக ஓடும். அதற்குப் பின்னால் ஒரு தாழ்வு, மறுபடி ஒரு மேடு, மறுபடி ஒரு தாழ்வு. பழைய குடியிருப்புகளும் பழைய சாலைகளும் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும், முன்னால் வந்தவர்கள் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நகரம் பெருகும்போது மிச்சமிருப்பது தாழ்வுதான். அங்கேதான் புது மனைப்பிரிவுகள் வருகின்றன. ஆக, கடலுக்கு முந்நூறு மீட்டரில் மேட்டில் இருக்கும் வீடு நனையாமல் இருக்க, ஐந்து கிலோமீட்டர் உள்ளே பழைய சதுப்பில் எழுந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நிற்கலாம். புயல் அலை என்று வந்தால் முன்வரிசை வீடுகளுக்குத்தான் முதல் அடி, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருஷத்தில் நம்மைப் படுத்தப்போவது பெரும்பாலும் மழைத்தண்ணீர்தான். அது எங்கே போய் நிற்கும் என்று கண்டுபிடிக்க உயர வரைபடம் ஒன்று போதும். தெரு வாரியாகக் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று காட்டும் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அக்கம்பக்கத் தெருக்களைவிட உங்கள் தெரு இரண்டு மீட்டர் தாழ்வு என்றால், மழைக்கு அது தெரு அல்ல, கால்வாய். பகுதியின் பெயரிலேயே குளமோ ஏரியோ சதுப்போ ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கொஞ்சம் யோசியுங்கள். எந்த மொழியிலும் பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

இதோடு ஓதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் அதிகம். மழைநீர் வடிகால் கடலிலோ முகத்துவாரத்திலோ போய்ச் சேர்கிறது என்றால், ஏற்ற நேரத்தில் அதன் வாய் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் கனமழை பிடித்தால் தெருத் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. சாதாரண மழைக்குச் சில சமயம் ஊர் மூழ்குவதும், அதைவிடப் பெரிய மழையில் ஒன்றும் ஆகாமல் போவதும் இதனால்தான். அமெரிக்காவின் மயாமி பீச்சில் மழையே வேண்டாம். இலையுதிர்காலத்துப் பெரிய ஓதங்களின்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கையிலேயே வடிகால் வழியாகக் கடல்நீர் தெருவுக்கு ஏறிவரும்.

நான் இப்போது செய்வது இதுதான். ஓத அட்டவணையைப் பார்த்து, பௌர்ணமிக்கு மறுநாள் ஏற்ற நேரத்தில் அந்தப் பகுதிக்குப் போவேன். வடிகால் மூடி திறந்திருக்கும் இடத்தில் நின்று எட்டிப்பார்ப்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது? கடலை நோக்கியா, ஊரை நோக்கியா? சுவரின் உள்பக்கம் சிப்பிகள் ஒட்டியிருக்கின்றனவா? ஒட்டியிருந்தால், உப்புத்தண்ணீர் அதுவரை வழக்கமாக வந்துபோகிறது என்று அர்த்தம். இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

"இங்கே நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெள்ளம் வரும்" என்று யாராவது சொன்னால் ஒரு நொடி நின்று கணக்குப் போடுங்கள். அந்தச் சொல்லுக்கு, எந்த ஒரு வருஷத்திலும் அப்படிப்பட்ட வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். போன வருஷம் வந்துவிட்டது, இனி 99 வருஷம் நிம்மதி என்பதல்ல. அந்த வீட்டில் 30 வருஷம் இருந்தால், ஒரு தடவையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். வீட்டுக்கடனின் காலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுவும் கடல் இருந்த இடத்திலேயே இருந்தால். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஜகார்த்தாவின் வடபகுதி போலச் சில இடங்களில் தரையே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

குழாயைத் திறந்து பார்க்காமல் வருவது

குழாய்த் தண்ணீர் எட்டாத புறநகர்களில் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. கரையோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் இந்த ஏற்பாடு. இதற்கு ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறிவரும். தண்ணீர் வரவில்லை என்று ஆழமாகத் தோண்டுவது இங்கே பல சமயம் உப்பைத் தேடிப்போவதாக முடிகிறது.

பேனா அளவில் டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை உடனே காட்டும். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்கச் சுவையாக இருக்கும், 1000 தாண்டினால் வாய்க்குப் பிடிக்காது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடிக்கலாமா கூடாதா என்பதை இந்த மீட்டர் சொல்லாது, அதற்கு ஆய்வகப் பரிசோதனை வேண்டும். முக்கியமானது எப்போது முக்குகிறீர்கள் என்பது. மழை முடிந்த கையோடு பார்த்தால் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். கோடையின் கடைசியில் பாருங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. அலை உடைகிற இடத்தில் தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து படிகின்றன. முதல் சில நூறு மீட்டரில்தான் இதன் வேலை மிக அதிகம், உள்ளே போகப் போகச் சட்டென்று குறையும். வீட்டின் வரவேற்பறையில் இது தெரியாது. புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். கீழே இறங்கி வாகனம் நிறுத்தும் இடத்துத் தூண்களையும், அண்ணாந்து பால்கனிகளின் அடிப்பகுதியையும் பாருங்கள். நேர்கோடாக ஒரு விரிசல், அதன் ஓரம் பழுப்புக் கறை, ஓரிடத்தில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தலைகாட்டுகிறது என்றால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டிருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். மேலே பூசி மறைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். புளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981இல் கட்டிய கடற்கரை அடுக்குமாடி ஒன்று 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவுக்குப் பின் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தில் தண்ணீர் வடியாமல் நின்று கான்கிரீட் கெட்டிருப்பதை 2018ஆம் ஆண்டின் பொறியாளர் அறிக்கை முன்பே எழுதியிருந்தது. பழைய அடுக்குமாடியில் வாங்கப்போகிறீர்கள் என்றால், கட்டடச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட்டைப் பார்த்தால் போதும். இரண்டு வருஷத்து யூனிட்டில் அலுமினியத் தகடுகள் சாம்பல்போல உதிர்ந்தால், உங்கள் ஏசிக்கும் சைக்கிளுக்கும் அதே கதிதான்.

பாதி வட்டத்தில் வாழ்கிறோம் என்பதை மறப்பது

உள்நாட்டு நகரம் நாலு திசையிலும் பரவும். கடலோர நகரத்துக்குப் பாதித் திசை கடல். அதே ஜனத்தொகை அதே நெருக்கத்தில் அரைவட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால், நகரம் 1.4 மடங்கு தூரம் நீண்டாக வேண்டும். நிஜத்தில் அது அரைவட்டமாகக்கூட இருப்பதில்லை, கரையை ஒட்டி நாடா மாதிரி நீளும். அந்த நாடா முழுவதற்கும் இரண்டு மூன்று பெரிய சாலைகள்தான், அவையும் ஆற்று முகத்துவாரங்களில் பாலத்துக்குப் பாலம் குறுகும். உள்நாட்டு நகரத்தில் ஒரு சாலை அடைத்தால் சுற்றிப் போகலாம். இங்கே சுற்றிப் போக வேண்டிய பக்கத்தில் கடல் இருக்கிறது.

அதனால் "ஆபீஸ் பன்னிரண்டு கிலோமீட்டர்" என்பதற்கு அர்த்தமே இல்லை. நடுவில் எத்தனை பாலம் என்று கேளுங்கள். வரைபடச் செயலியில் கிளம்பும் நேரத்தைச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை என்று மாற்றி வைத்துப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அது சொல்லும் நேரத்தில் மயங்க வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் அந்த நேரத்தில் நேரில் போய்வருவது இன்னும் நல்லது. இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. கிழக்குக் கடற்கரை நகரங்களில் புறநகர்கள் மேற்கே இருக்கும். காலையில் வேலைக்குக் கிழக்கே போகும்போதும் வெயில் கண்ணில், மாலையில் மேற்கே திரும்பும்போதும் வெயில் கண்ணில். மேற்குக் கடற்கரைக்காரர்களுக்கு இரண்டு வேளையும் முதுகில். வருஷக்கணக்கில் வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமும் இல்லை.

விடுமுறைக்கு வந்தபோது பிடித்துப்போன இடத்துக்கே குடிபோவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுலாப் பருவத்தில் உங்கள் வாசலில் வேறு யாரோ வண்டியை நிறுத்தியிருப்பார்கள், பருவம் முடிந்ததும் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். நாள்வாடகைக்கு விடும் வீடுகள் அதிகமுள்ள தெருவில் அண்டைவீடு வாரத்துக்கு ஒன்று. கடல் தெரியும் ஜன்னலுக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பவர்கள், ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவே காலிமனை இருக்கிறதா, அதில் எத்தனை மாடி கட்டலாம் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

வாங்குகிற எண்ணம் இருந்தாலும் முதலில் வாடகைக்கு ஒரு வருஷம் இருந்து பார்ப்பது உத்தமம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதில் அடங்கிவிடும். அந்தப் பொறுமை இல்லையென்றால், வீட்டுக்காரரையும் புரோக்கரையும் விட்டுவிட்டுத் தெருவில் வேலை செய்கிற ஆட்களிடம் பேசுங்கள். பிளம்பர், காவலாளி, குப்பை எடுக்க வருகிறவர். "வெள்ளம் வருமா?" என்று கேட்டால் எல்லோரும் "அதெல்லாம் வராது" என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "போன பெரிய மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். நான் இப்போது இருக்கும் தெருவில் காவலாளி வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு மதில்சுவரைக் கையால் காட்டினார். கீழேயிருந்து கணுக்கால் உயரம் வரை மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது. அதற்கு முன்னால் பார்த்த தெருவில் அந்தக் கோடு மார்பளவில் ஓடியது.