ஸ்பிரிங் பிரேக்குக்கு முந்தைய வாரம்: நம் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எலிமென்டரி ஸ்கூல் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் ஸ்பிரிங் பிரேக், அதாவது வசந்தகால விடுமுறை என்றால் டிக்கெட், ஹோட்டல், வாடகைக் கார் என்றுதான் பேச்சு ஓடும். அந்த ஒரு வாரத்துக்கு அவ்வளவு திட்டம் போடுகிறோம். அதற்கு முந்தைய வாரத்தைக் கோட்டை விட்டுவிடுகிறோம். ஸ்கூல் ஆபீஸில் போன் ஓயாமல் அடிக்கும் வாரம் அது. ஒரு வீட்டின் கவனக்குறைவு அங்கே வேறு யார் தலையிலாவதுதான் விழுகிறது. செக்ரட்டரி, நர்ஸ், டீச்சர், சில சமயம் அதே வகுப்பில் இருக்கும் இன்னொரு குழந்தை.

முதலில் தேதி. டெக்சாஸில் பெரும்பாலும் மார்ச் நடுவில் விடுவார்கள். நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் பல இடங்களில் ஈஸ்டரை ஒட்டி வரும். ஈஸ்டர் வருடத்துக்கு வருடம் நகர்வதால் விடுமுறையும் நகரும். பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டிலேயே வேறு வாரமாக இருக்கலாம். டாலஸில் இருக்கும் சித்தி குடும்பத்தோடு சேர்ந்து ஆர்லாண்டோ போகலாம் என்று முடிவெடுக்கும் முன் இரண்டு ஸ்கூல் காலண்டரையும் எடுத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியில் இன்னொன்றும் உண்டு. அங்கே வருடத்துக்கு 180 நாள் பள்ளி நடந்தாக வேண்டும். பனிக்கென்று ஒதுக்கிய நாட்கள் தீர்ந்துபோனால் ஸ்பிரிங் பிரேக்கிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று பல காலண்டர்களின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். குளிர்காலம் முடியும் முன்பே பணம் திரும்பாத டிக்கெட் எடுத்துவிட்டால், பனி கொட்டும் ஒவ்வொரு நாளும் தவிப்புதான். தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக எடுங்கள், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை.

அடுத்தது, லீவோடு லீவாக நாலு நாள் சேர்த்துக்கொள்வது. ஊரில் கல்யாணம், ஒரு வாரம் எந்த மூலைக்கு? அந்த நெருக்கடி புரிகிறது. ஆனால் குடும்பப் பயணத்துக்காகப் போடும் லீவைப் பெரும்பாலான பள்ளிகள் தகுந்த காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. கலிஃபோர்னியாவில் தகுந்த காரணமில்லாமல் மூன்று முழு நாள் வராவிட்டாலே சட்டப்படி அது அனுமதியில்லாமல் மட்டம் போட்டதாகப் பதிவாகி, வீட்டுக்குக் கடிதம் வரும். பொதுவாகப் பள்ளி நாட்களில் 10 சதவீதம், அதாவது 180-க்கு 18 நாள் தவறினால் நாள்பட்ட வருகைக் குறைவு என்கிறார்கள். இதில் உடம்பு சரியில்லாத நாட்களும் சேரும். போதாததற்கு, கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பள்ளிக்கு அரசு தரும் பணமே மாணவர் வருகையை வைத்துத்தான். காலியாக இருக்கும் ஒவ்வொரு நாற்காலியும் அந்தப் பள்ளிக்கு நஷ்டம்.

போகாமல் முடியாது என்றால் பிரின்சிபாலுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். கலிஃபோர்னியாவில் இண்டிபென்டன்ட் ஸ்டடி என்று ஒரு ஏற்பாடு உண்டு. போகும் முன்பே கையெழுத்துப் போட்டு, கொடுத்த பாடங்களை முடித்துத் தந்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்காகும். நீண்ட நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயரை எடுத்துவிடும் டிஸ்ட்ரிக்ட்டுகளும் உண்டு, திரும்பி வந்து புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அதையும் ஆபீஸில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "காய்ச்சல்" என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். திரும்பி வந்த அன்றே வகுப்பில் வட்டமாக உட்கார வைத்து, லீவுக்கு என்ன செய்தீர்கள் என்று டீச்சர் கேட்பார். ஆறு வயதுக் குழந்தை சென்னையில் அத்தை கல்யாணத்துக்குப் போனேன் என்று ஆசையாகச் சொல்லும். அதைச் சொல்லாதே என்று அந்தக் குழந்தையிடம் சொல்லி அனுப்புவது பெரிய கொடுமை.

மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் பரீட்சைத் தேதியையும் பார்த்துவிடுங்கள். மூன்றிலிருந்து எட்டு வரை வாசிப்பிலும் கணக்கிலும் வருடாந்திரத் தேர்வு நடத்த வேண்டும் என்பது மத்தியச் சட்டம். பல மாநிலங்களில் அது ஸ்பிரிங் பிரேக் முடிந்த சில வாரங்களில் வரும்.

இப்போது கடைசி நாள் மதியம். பிரேக்குக்கு முந்தைய வெள்ளிக்கிழமையைப் பல பள்ளிகள் அரை நாளாக வைக்கின்றன. பஸ் சீக்கிரம் கிளம்பும். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் கேர் அன்று இருக்காமலும் போகலாம். அப்பா அம்மா இருவருக்கும் ஆபீஸ். சரி, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா போய் அழைத்து வரட்டும் என்று முடிவாகிறது. அவரும் நேரத்துக்கு முன்பே நடந்து போய் நிற்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் செக்ரட்டரி போட்டோ ஐடி கேட்கிறார். பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கொண்டு வந்திருந்தாலும் சிக்கல் தீராது. நம் வழக்கப்படி பிள்ளையின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். தாத்தாவின் பாஸ்போர்ட்டிலோ அவருடைய அப்பாவின் பெயர் இருக்கும். இருவர் பெயரிலும் ஒரு எழுத்துகூட ஒட்டாது. இவர்தான் தாத்தா என்று அந்தச் செக்ரட்டரி எப்படித் தெரிந்துகொள்வார்? குழந்தை ஓடி வந்து கட்டிக்கொண்டாலும், அழைத்துப் போக அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் பெயர் இல்லாமல் விட மாட்டார், விடவும் கூடாது. அந்தக் கண்டிப்புதான் மற்ற நாட்களில் நம் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. ஆகவே அதே வாரத்தின் திங்கள்கிழமையே, பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துக்களை அப்படியே வைத்து தாத்தா பாட்டி இருவர் பெயரையும் அந்தப் பிக்கப் பட்டியலில் ஏற்றுங்கள். ஸ்கூல் ஆபீஸ் நம்பரையும் உங்கள் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். முடிந்தால் முந்தின நாள் நீங்களே கூட்டிப் போய் எந்த வாசல் என்று காட்டிவிடுங்கள்.

வகுப்புப் பார்ட்டிக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்பதில் நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. நிலக்கடலை கூடாது என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். எள்? 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் உணவு லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள் எள். நம் முறுக்கில் எள், தட்டையில் எள், புளியோதரையில் நல்லெண்ணெய். லட்டில் முந்திரி. வீட்டில் சுத்தமாகச் செய்தது என்ற பெருமை நியாயமானதுதான். ஆனால் எள் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அரை முறுக்கு போதும், மூச்சு முட்டிவிடும். அதனால்தான் பல பள்ளிகளில் கடையில் வாங்கி, பிரிக்காமல், லேபிளோடு வருவதை மட்டும் ஏற்கிறார்கள். அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கமும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சைவக் குடும்பம் என்றால் டீச்சருக்கு முன்பே ஒரு வரி எழுதிவிடுங்கள். மார்ஷ்மெல்லோவிலும் பல கம்மி மிட்டாய்களிலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். முன்பே சொன்னால் மாற்று வாங்கி வைப்பார்கள், அன்று காலையில் சொன்னால் உங்கள் பிள்ளை மட்டும் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும்.

பிள்ளைகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் மேஜையை வியாழக்கிழமைக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள். யாரும் கேட்காத ஜாக்கெட்டுகளைப் பல பள்ளிகள் லீவில் தானமாகக் கொடுத்துவிடும். தயிர்சாதம் வைத்த லஞ்ச் பாக்ஸ் வெள்ளிக்கிழமை பையோடு வீட்டுக்கு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். பத்து நாள் கழித்து அதைத் திறப்பவர் பெரும்பாலும் டீச்சராகத்தான் இருப்பார்.

இந்த விஷயங்கள் எல்லாம் பள்ளி அனுப்பும் மெயிலில் இருக்கும். நாமோ வாட்ஸ்அப் குரூப்பில் "நாளைக்கு ஹாஃப் டேயா?" என்று கேட்டு, யாரோ போன வருட ஞாபகத்தில் சொல்லும் பதிலை நம்புகிறோம். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் என்றால், புரியும் மொழியில் தகவல் தர வேண்டியது பள்ளியின் கடமை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

பள்ளியில் கிடைக்கும் காலை உணவையும் மதிய உணவையும் நம்பி இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார லீவு நீண்ட வாரம். நம்மிலும் வேலை போய், விசாக் கவலையோடு, வெளியே சொல்லாமல் சமாளிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படியென்றால் ஸ்கூல் கவுன்சலரிடம் போய்ப் பேசுங்கள். லீவுக்கு முன் உணவுப் பை கொடுத்தனுப்பும் பள்ளிகள் நிறைய. உதவ நினைப்பவர்கள் கேன், பாஸ்தா, சீரியல் என்று பிரிக்காத பொருளாக, வெள்ளிக்கிழமை காலை வரை காத்திருக்காமல் சேர்த்துவிடுங்கள். பைகளைப் பிரித்துக் கட்ட நேரம் வேண்டும்.

இந்தியா போகிறவர்கள் தட்டம்மை ஊசியைச் சரிபாருங்கள். 2025-ல் மேற்கு டெக்சாஸில் அது பரவியபோது ஊசி போடாத பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். இரண்டாவது ஊசி வழக்கமாக 4 முதல் 6 வயதில்தான். வெளிநாடு போவதென்றால், முதல் ஊசி போட்டு 28 நாள் ஆகியிருந்தால் முன்பே போடலாம். வீட்டில் ஆறு மாதம் முடிந்த கைக்குழந்தை இருந்தால் அதற்கும் டாக்டரிடம் கேளுங்கள். திரும்பும் விமானத்தை ஞாயிறு இரவுக்கு வைக்காமல் வெள்ளி அல்லது சனிக்கு வையுங்கள். வந்த பிறகு காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். காலையில் டைலனால் மாதிரி காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பினால் மதியம் நர்ஸிடமிருந்து போன் வரும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கும் தொற்றியிருக்கும்.